மூன்று போத்தல் மஞ்சள் தண்ணீர்

அந்த முறை பீலெஃபெல்ட்டுக்குக் குளிர்காலம் வந்ததைக் கண்டோம், போனதைக் காணவில்லை. கார்த்திகையில் தோளில் ஏறிய தடித்த கோட் சித்திரை பிறக்கப்போகும் நேரத்திலும் இறங்கவில்லை. நாலு நாள் வெயில் எறிக்கும். சனம் ஐஸ்கிறீம் கடை வாசலில் கதிரை போட்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருக்கும். ஐந்தாம் நாள் விடிய யன்னல் சீலையை விலக்கினால் திரும்பவும் எல்லாம் வெள்ளை. தமிழ்க் கடைக்குப் போனால், முருங்கைக்காய் வழியிலேயே விறைத்துப் போய்விட்டது என்று கடைக்கார அண்ணை கையை விரிப்பார். ட்ராம் தரிப்பிடத்தில் முன்பின் தெரியாத ஜேர்மன்காரர்கூட என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, போதும் என்பார்கள். ஓம், போதும் என்று நானும் சொல்லுவேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தில் இருக்கிறேன். குளிரைப் பற்றிப் புறுபுறுக்க எனக்கும் உரிமை வந்துவிட்டது.

ஆனால் பனி தள்ளுவதில் எனக்கொரு பெருமை இருந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்த வெட்கக்கேடு முழுவதும் அந்தப் பெருமையின் தலையில்தான் வந்து விழுந்தது.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். வாசலில் மூன்று கல்படி, அதற்கு முன்னால் நடைபாதை. பனி கொட்டினால் படியையும் நடைபாதையையும் துப்புரவாக்கி, வழுக்காமல் இருக்கப் பொடிக்கல் தூவ வேண்டியது குடியிருப்பவர்களின் வேலை. கிழமைக்கு ஒரு வீடு. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. அது யாருடைய கதவுக் கைபிடியில் தொங்குகிறதோ அந்தக் கிழமைக்கு அவர்தான் பொறுப்பு. ஆரும் விழுந்தால் கேள்வியும் அவரிடம்தான் வரும். அட்டை என் கதவில் தொங்கும் கிழமைகளில் விடிய ஐந்தரைக்கே மண்வெட்டியோடு இறங்கிவிடுவேன். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எத்தனை பேரைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறேன். ஒரு விழுகை ஒரு மனுசரை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஜேர்மன்காரியிலும் பெரிய ஜேர்மன்காரி என்று என் மனுசன் நக்கலடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

படிக்கு நேர் பக்கத்து யன்னல் கீழ்வீட்டு அம்மாவுடையது. எண்பதை எட்டிப்பிடித்த ஜேர்மன்காரி. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் காலம் முழுக்க வேலை செய்து, இப்போது தனியாக இருக்கிறவர். பனி தள்ளுகிறவர் எங்காவது ஒரு மூலையை விட்டுவிட்டால், அவருடைய யன்னல் ஒரு சாண் திறக்கும். "அந்த மூலை" என்பார். யன்னல் மூடும். வந்த புதிதில் அந்தக் கிழவியைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க எனக்காக அந்த யன்னல் திறக்கவேயில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் வேலையில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன்.

முந்தின சித்திரையில்தான் மேல்மாடிக்குத் தமிழ்நாட்டுச் சோடி ஒன்று வந்தது. பெண் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பெடியன் ஜேர்மன் பாஷையான டொச்சு படித்துக்கொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். இருவருக்கும் முப்பது இருக்காது. முதல் நாளே என்னை ஆன்ட்டி என்றான். ஆன்ட்டி என்றால் கதவு திறக்கமாட்டேன், அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். அன்றிலிருந்து அக்காதான். வீட்டு நிர்வாகம் அவர்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான் கொடுத்திருந்தது. பிரச்சினை இல்லாமல் இருந்தால் நீட்டிப்பார்கள். தை மாதம் அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மா வர விசா கிடைக்குமோ தெரியாது என்று ஒருநாள் அழுதாள். நான் இருக்கிறேன்தானே, பத்தியத்துக்குச் சரக்குக்கறி நானே காய்ச்சித் தருவேன் என்று சொன்னேன். வாய்தான் எனக்கு முதலில் ஓடும்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தக் கிழமை அட்டை அந்தப் பெடியனின் கதவில் தொங்கியது. நானும் மனுசனும் பக்கத்து நகரத்தில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். செத்தவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அகதியாக வந்து இறங்கிய முதல் கிழமை எங்களுக்குச் சோறு தந்த அண்ணை. போகாமல் இருக்க ஏலாது. ஆனால் வீட்டில் மகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியாத பச்சைக் குழந்தை.

செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஊரில் கிணற்றடி வெளியில் இருக்கும், பிரச்சினையில்லை. இங்கே மாடிவீட்டில் கிணற்றுக்கு எங்கே போவது? இத்தனை வருடமும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குள் ஓடுவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளை இருக்கிற வீடு. விடியவே மூன்று பெரிய தண்ணீர்ப் போத்தல்களில் மஞ்சள் கரைத்துக் காருக்குள் வைத்துவிட்டேன். மகள் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, கிருமிக்குச் சவுக்காரம் இருக்கு" என்றாள். நீ பேசாமல் பிள்ளையைப் பார் என்றேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தோம். பகல் முழுக்கக் கொட்டிய பனி நின்றிருந்தது. பெடியன் அப்போதுதான் வேலையை முடித்து மண்வெட்டியைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தான். மூன்று படியும் கல் தெரியத் துப்புரவாக இருந்தது. பொடிக்கல் ஓரம்வரைக்கும் தூவியிருந்தான். எங்கே போய் வருகிறோம் என்று கேட்டான். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவர்களிலும் சாவு வீட்டுக்குப் போய் வருகிறவர்களோடு நின்று கதைப்பதில்லையாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு எங்களைத் தொடாமல் ஒதுங்கி உள்ளே போனான். ஒழுங்கான பிள்ளை என்று நினைத்தேன்.

பிறகு நாங்கள் மேல்படியில் நின்று மஞ்சள் தண்ணீரை ஊற்றினோம். கைக்கு, சப்பாத்துக்கு, தலையில் கொஞ்சம் தெளித்து. குளிர் காதை அறுத்தது. முதல் போத்தல் முடிந்ததும் மனுசன் போதும் என்றார்.

"இஞ்சேர், இது உறையப் போகுது. நீர் மிச்சத்தைப் புல்லுக்கை ஊத்தும்."

"உங்களுக்குக் குளிருதெண்டால் உள்ளை போங்கோ. நான் பிள்ளையைத் தூக்க வேணும்."

மூன்று போத்தலையும் ஊற்றி முடித்தேன். கடைசிப் போத்தலை அந்த மேல்படியிலேயே கவிழ்த்தேன். வீட்டுக்குள் போய் வெந்நீரில் தோய்ந்து, தலை துவட்டி, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்று எனக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

ஏழு மணிக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. பெரிய அலறல் ஒன்றுமில்லை. மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு மெல்லிய முனகல். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு அம்மா படியடியில் கிடந்தார். குப்பைப் பை பக்கத்தில் வெடித்துக் கிடந்தது. பெடியன் என்னை முந்திவிட்டான். அவன் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டு, போனில் அம்புலன்ஸுக்குத் தெரிந்த டொச்சில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போர்வையோடு இறங்கினேன். அவருடைய ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்தது. இடுப்பு என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

அவரை ஏற்றிக்கொண்டு போனபிறகும் பெடியன் மேலே வரவில்லை. மண்வெட்டியால் மேல்படியைச் சுரண்டிக்கொண்டே நின்றான். தன் பொறுப்பு என்று பதறுகிறான் என்று நினைத்தேன். அவனைக் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறை நிலத்தில் கிடந்த மூன்று வெறும் போத்தல்களையும் கண்டேன். அடியில் மஞ்சள் மண்டி. வெறும் போத்தல் என்றால் காசு திருப்பித் தருகிற சுப்பர்மார்க்கெட் மிஷினில் கொண்டுபோய்ப் போடுகிற ஆள் நான். அன்று அவற்றைக் கழுவி, நசுக்கி, குழந்தையின் பம்பர்ஸ் குப்பைக்குள் அடியில் திணித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல ஏலாதது அதனால்தான்.

அன்று படுக்கும்போது மனுசன் ஒரே ஒரு முறை, "நீர்தான் ஊத்தினீர்" என்றார். நான் திரும்பிப் படுத்தேன். அதற்குப் பிறகு அவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள், பிள்ளைக்கு முப்பத்தொன்று கழியட்டும் என்று நினைத்தேன். முப்பத்தொன்று கழிந்தது. கீழ்வீட்டு அம்மாவின் ஒப்பரேசன் நல்லபடி முடியட்டும் என்று நினைத்தேன். அதுவும் முடிந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் ஒரு கிழவியின் படியில் தண்ணீர் ஊற்றினாள் என்று கதை போனால் நான் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? இப்படி ஒவ்வொன்றாக எனக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. காரணத்துக்கு எனக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

கட்டடத்தில் எல்லோரும் அட்டை தொங்கிய கதவைத்தான் பார்த்தார்கள். இரண்டாம் மாடி ஜேர்மன்காரர் படிக்கட்டில் என்னை மறித்து, "இவர்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள் என்றால் இப்படி நடக்குமா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது மட்டுமில்லை, உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்தது. இவர்கள் என்று அவர் சொன்னதில் நான் இல்லை, நான் ஜேர்மன்காரரோடு சேர்த்தி என்று ஒரு கண நேரச் சந்தோசம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று எனக்கு உறைத்தது. சீ என்றிருந்தது.

இரண்டு கிழமை கழித்து வீட்டு நிர்வாகத்திலிருந்து அவர்களுக்குக் கடிதம் வந்தது. பெடியன் என்னிடம்தான் கொண்டுவந்தான். குளிர்காலக் கடமை சரியாகச் செய்யப்படவில்லை, ஒரு குடியிருப்பாளர் கடுமையாகக் காயப்பட்டிருக்கிறார், ஆகவே ஒப்பந்தத்தை நீட்டிக்கும் எண்ணம் இல்லை, இறுதி முடிவுக்கு முன் நேரில் விசாரிக்க ஒரு டெர்மின், சந்திக்கிற நாள், தருகிறோம். வாசித்து வாசித்துச் சொன்னேன். அவனுடைய மனைவி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பெயரோடு இந்த ஊரில் வீடு தேடுவது என்னவென்று எனக்குத் தெரியும். நாங்கள் பதினொரு மாதம் தேடியிருக்கிறோம்.

டெர்மின் அன்று நிர்வாகத்துப் பெண் ஒரு ஃபைலோடு வந்து அவர்களுடைய குசினி மேசையில் இருந்தாள். மொழிபெயர்க்க நான். இந்த நகரத்தில் பாதித் தமிழருக்கு அலுவலகங்களில் மொழிபெயர்த்த வாய் இது. ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன் என்று ஊருக்குள் பெயர். போகும் வழியில் படியில் நின்று, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன்.

அன்று எப்போது பனி தள்ளினீர்கள் என்று அவள் கேட்டாள். நாலு மணிக்குத் தொடங்கினேன், ஐந்துக்கு முடித்தேன், கல்லும் போட்டேன் என்று அவன் சொன்னான். அதை அப்படியே சொன்னேன். ஐந்து மணிக்குப் பிறகு பனி கொட்டவில்லையே, அப்படியென்றால் படியில் பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். அதையும் சொன்னேன். அவள் பேனையை எடுத்தாள். நீங்கள் துப்புரவாக்கி முடித்ததைப் பார்த்த சாட்சி ஆராவது உண்டா என்று கேட்டாள்.

நான் அவனைப் பார்த்து, "தம்பி, நீங்கள் முடிச்சதைக் கண்ட ஆள் ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லாத பார்வை. காத்திருக்கிற பார்வை என்று இப்போது சொல்லுவேன். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு சொல் போதும். நான் கண்டேன் என்று சொல்ல டொச்சில் மூன்று சொல்லும் தேவையில்லை.

"இல்லைன்னு சொல்லிருங்கக்கா" என்றான்.

நான் அவளிடம் திரும்பி, இல்லை என்றேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று ஐந்து மணிக்கு நான் படியில் நின்றதை அவன் மறந்துவிட்டான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பதட்டத்தில் எல்லாம் மறந்துபோகும்தானே. பிறகு இரவு சோறு சமைத்து, கீரை கடைந்து, அவர்களுக்கும் ஒரு சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி அக்கா என்று வாங்கினான்.

கீழ்வீட்டு அம்மா ஆஸ்பத்திரியிலும் பிறகு நடைப்பயிற்சி நிலையத்திலும் இருந்துவிட்டுப் பங்குனி நடுவில் வீட்டுக்கு வந்தார். கையில் பிடித்து நடக்கிற சக்கரத் தள்ளுவண்டி. யன்னலடிக்கு வந்து நிற்கவே அவருக்குக் கால்மணித்தியாலம் எடுத்தது. நான் தினமும் சூப் கொண்டுபோகத் தொடங்கினேன். கரட், லீக்ஸ், கோழி, மிளகு குறைத்து. வேலை முடிந்து களைத்து வந்தாலும் சூப் தவறாது. நிலம் துடைத்தேன், படுக்கைச் சீலை மாற்றினேன், மருந்துக் கடைக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் மனுசத்தன்மை உள்ள ஆள் நீதான் என்றார். தொலைபேசியில் தன் தங்கைக்கு என்னைப் பற்றிச் சொல்லுவதை வாசலில் நின்று கேட்டேன். கேட்டு எனக்கு இனித்தது. அதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கொஞ்ச நாளில் நான் எதற்காகச் சூப் காய்ச்சத் தொடங்கினேன் என்பதையே மறந்து, நல்லவளாகவே ஆகிவிட்டேன்.

நிர்வாகம் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. தேடித் தேடி அவர்களுக்குக் கிடைத்தது ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரே ஒரு அறை. பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை சாமான் ஏற்றினார்கள். அன்றும் பனி தூறிக்கொண்டிருந்தது. ஏழு மாத வயிற்றோடு அவள் வானின் முன்சீட்டில் ஏறி இருந்தாள். நான் கிட்டப் போனபோது கண்ணாடியை இறக்கவில்லை. குளிருக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் கடைசியாக என்னுடைய சட்டிகளைத் திருப்பித் தர மேலே வந்தான். எல்லாவற்றையும் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தான். பிள்ளை பிறந்ததும் சொல்லுங்கோ, சரக்கு இடித்து அனுப்புவேன் என்று நான் வழக்கம்போல வாயை ஓடவிட்டேன். அவன் சட்டிகளைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான். படிக்கட்டில் ஆரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"அக்கா, அன்னைக்குப் படியில இருந்த ஐஸ் மஞ்சளா இருந்துச்சு" என்றான். "ஆம்புலன்ஸ் லைட்ல பார்த்தேன். எங்க வீட்லயும் சாவுக்குப் போயிட்டு வந்தா மஞ்சத் தண்ணி தெளிப்பாங்க. வேற யாரும் பார்க்கிறதுக்குள்ள சுரண்டிட்டேன்."

நான் வீட்டுக் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினேன்.

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"நீங்க சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருந்தீங்க. வீட்ல கைக்குழந்தை வேற. அந்த நேரத்துல உங்கமேல சொல்ல மனசு வரலை." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம், நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அந்த மேடம் சாட்சி கேட்டப்பக்கூட நினைச்சேன். சரி விடுங்கக்கா. உடம்பைப் பார்த்துக்கங்க."

இறங்கிப் போய்விட்டான். கீழே வான் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. நான் சட்டிகளோடு அப்படியே கதவடியில் குந்திவிட்டேன். என் பேரப்பிள்ளைக்குத் தீட்டுப் படக்கூடாது என்று ஊற்றிய தண்ணீரில், இன்னும் பிறவாத ஒரு பிள்ளை வீடிழந்து போகிறது. அதுவும் என் கையால். மகள் வந்து என்ன அம்மா என்று கேட்டாள். அவளுக்கு அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குள் போனாள்.

அன்று பின்னேரம் சூப் காய்ச்சிக்கொண்டு கீழே போனேன். ஏன் அதையும் காவிக்கொண்டு போனேன் என்று தெரியாது. வெறுங்கையோடு போக எனக்குத் தைரியம் இருக்கவில்லை. கீழ்வீட்டு அம்மா மேசையில் கரண்டியைக்கூட எடுத்து வைத்துக் காத்திருந்தார். சட்டியை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். செத்த வீடு, மஞ்சள், மூன்று போத்தல், மனுசன் உறையும் என்று சொன்னது, நான் கேட்காமல் ஊற்றியது, குசினி மேசையில் வாய் திறக்காதது, எல்லாம். முப்பது வருடம் கதைத்த டொச்சு அன்று எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெடியன் ஆஸ்பத்திரிக்கு நாலு தரம் தோடம்பழத்தோடு வந்தான், நான் ஒரு தரமும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார். பிறகு சட்டியைப் பார்த்தார்.

"அப்படியென்றால், இந்தச் சூப் எல்லாம் அதற்காகவா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வரும் எதையும் அவர் இனி எப்படி நம்புவார்? அவர் கரண்டியை எடுத்து மேசை லாச்சிக்குள் திருப்பி வைத்தார். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு யன்னலடிக்குப் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் வந்துவிட்டேன்.

வீட்டு நிர்வாகத்துக்கு அன்றே எழுதினேன். தகவலுக்கு நன்றி, வீடு ஏற்கெனவே வேறு ஆளுக்கு வழங்கப்பட்டுவிட்டது, காயம் தொடர்பான விடயத்தில் இனி என்னோடு தொடர்பு கொள்வார்கள் என்று பதில் வந்தது. பெடியனுக்கும் அவனுடைய மனைவிக்கும் தனித்தனியாக போனில் எழுதினேன். அவன் தேங்க்ஸ் அக்கா என்று அனுப்பினான். அவள் வாசித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. மனுசனிடம் சொன்னபோது, இப்பவாவது சொன்னீரே என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ குத்திச் சொன்னாரோ நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் என் கதவடியில் சூப் சட்டி இருந்தது. கழுவி, துடைத்து, மூடியும் மூடி. அந்த மனுசி அந்த இடுப்போடு தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஒரு மாடி ஏறி வந்து வைத்திருக்கிறார். எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று வேலையால் எனக்குக் கணக்குத் தெரியும்.

சித்திரைப் புதுவருடத்துக்கு நாலு நாள் இருக்க, திரும்பவும் பனி கொட்டியது. அட்டை என் கைபிடியில் தொங்கியது. ஐந்தரைக்கு இறங்கினேன். நடைபாதையைத் தள்ளினேன். படி மூன்றையும் கல் தெரியச் சுரண்டினேன். நடைபாதையில் பொடிக்கல் தூவிக்கொண்டிருக்கையில் கீழ்வீட்டில் வெளிச்சம் எரிந்தது. தள்ளுவண்டி உருளுகிற சத்தம் மெல்ல மெல்ல யன்னலடிக்கு வந்தது. நான் நிமிர்ந்து காலை வணக்கம் சொன்னேன். கை உயரவில்லை. யன்னல் ஒரு சாண் திறந்தது.

"படியிலும்" என்றார்.

யன்னல் மூடியது. நான் பொடிக்கல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மேல்படியிலிருந்து தூவத் தொடங்கினேன்.